வட்டம் மறைஞ்சுது, பக்கம் ஒண்ணும் சொல்லல

போன மாசம் ஒரு சாயங்காலம் அம்மாகிட்டேர்ந்து போன்.

"என்னய்யா, டிவிக்குப் பணம் கட்டினேன், ரெண்டு தடவை போயிருச்சு."

350 ரூபா ரீசார்ஜ். ஏழு மணி சீரியலுக்குள்ள போட்டுடணும்னு அவங்களே போன்ல பண்ணியிருக்காங்க. (அவங்களே பண்ணக் கத்துக்கிட்டதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஒரு தீபாவளி லீவுல ரெண்டு நாள் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் கொடுத்தது.) ரீசார்ஜ் பண்ற தளத்துல முன்னாடியே கொஞ்சம் பணம் போட்டு வச்சிருக்கோம். அதனால ஓடிபி எல்லாம் கேக்காது. பட்டனை அழுத்தினா போதும்.

அழுத்தியிருக்காங்க. ஒரு சின்ன வட்டம் சுத்துச்சாம். ரொம்ப நேரம் சுத்துச்சாம். அப்புறம் வட்டம் மறைஞ்சு போச்சாம்.

அவ்வளவுதான். பக்கம் அப்படியே நிக்குது. ஆச்சுன்னும் சொல்லல, ஆகலன்னும் சொல்லல.

"நான்தான் சரியா அழுத்தலையோன்னு இன்னொரு தடவை அழுத்தினேன்யா."

700 ரூபா போச்சு. பணம் போனதை விட அந்த "நான்தான் சரியா அழுத்தலையோ" எனக்கு ரொம்ப வலிச்சுது. தப்பு பண்ணது அந்தப் பக்கம். பழியை ஏத்துக்கிட்டது எங்க அம்மா.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. கம்ப்யூட்டரைத் திறந்து அந்தத் தளத்தோட ஜாவாஸ்கிரிப்டைப் படிக்க ஆரம்பிச்சேன். (யாரு வேணா படிக்கலாம். பிரவுசருக்கு வந்துதானே ஓடியாகணும். நெருக்கிச் சுருக்கி வச்சிருப்பாங்க, விரிச்சுப் பார்க்க பிரவுசர்லயே வசதி இருக்கு.) பணம் கட்டுற பட்டனுக்கான இடத்தைக் கண்டுபிடிச்சேன். வெற்றின்னா என்ன செய்யணும்னு நாப்பது வரி இருக்கு. பச்சை டிக், நன்றி, அடுத்த சலுகை, எல்லாம் இருக்கு.

தோல்வின்னா?

ஒரே வரி. வட்டத்தை மறை.

அதைப் படிச்ச கோவத்துலதான் இந்தப் பதிவு. கோவம் அவங்க மேல மட்டும் இல்ல. இதே மாதிரி ஒரு வரியை நானும் எழுதியிருக்கேன். அதையும் சொல்றேன்.

முதல்ல, பக்கம் முழுசா மாறாம உள்ள இருக்கிற ஒரு துண்டு மட்டும் மாறுதே, அது எப்படி நடக்குதுன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிடறேன். தெரிஞ்சவங்க டீயைக் குடிச்சுக்கிட்டே தாண்டிப் போங்க.

டீன்னு சொன்னதும் ஞாபகம் வருது, டீக்கடையை வச்சே சொல்லலாம். கடைக்குப் போய் "மாஸ்டர், ஒரு டீ"ன்னு சொல்லிட்டு, டீ கைக்கு வர்ற வரைக்கும் கண்ணை இமைக்காம பாய்லரையே பார்த்துக்கிட்டு நிக்கிறது ஒரு வகை. சொல்லிட்டு பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்கிறது இன்னொரு வகை. டீ ரெடியானா மாஸ்டர் கூப்பிடுவாரு. இந்த ரெண்டாவது வகைதான் அசிங்க்ரனஸ். பிரவுசர் சர்வர்கிட்ட ஒரு ரிக்வெஸ்டை அனுப்பிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கிட்டே இருக்கும். நீங்க ஸ்க்ரோல் பண்ணலாம், டைப் அடிக்கலாம். பதில் வந்ததும் நீங்க எழுதி வச்ச ஃபங்ஷன் ஓடும். அது பக்கத்துல ஒரு மூலையை மட்டும் மாத்தும்.

இதே கடையில இன்னொரு விஷயத்தையும் கவனிச்சிருப்பீங்க. முதல்ல சொன்ன பஜ்ஜி பின்னாடி வரும். பின்னாடி சொன்ன டீ முன்னாடி வந்துடும். இதை மனசுல வச்சுக்குங்க, சீக்கிரமே வேணும்.

இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? பிரவுசிங் சென்டர் காலத்துல இருந்தவங்களுக்குத் தெரியும். ஒரு பட்டனை அழுத்தினா பக்கம் மொத்தமும் வெள்ளையாகும். மேலேர்ந்து கீழ வரைக்கும் திரும்ப வரையும். எரிச்சலா இருக்கும், மணிக்கணக்குல காசு வேற ஓடிக்கிட்டு இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் பிரவுசர் நம்மளை இருட்டுல விட்டதே இல்ல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ல மேல வலது மூலையில ஒரு குட்டி விண்டோஸ் கொடி அசைஞ்சுக்கிட்டே இருக்கும். நெட்ஸ்கேப்ல அந்த "என்" எழுத்துக்குப் பின்னாடி எரிகல் பறக்கும். கீழ ஸ்டேட்டஸ் பார்ல எங்க போய்க்கிட்டு இருக்குன்னு ஓடும். நிறுத்தணும்னா ஸ்டாப் பட்டன். கனெக்ஷன் போச்சுன்னா "இந்தப் பக்கத்தைக் காட்ட முடியல"ன்னு ஒரு முழுப் பக்கமே வரும். ஒரு ஃபார்மை ரெண்டாவது தடவை அனுப்பப் பார்த்தா, "திரும்ப அனுப்பவா"ன்னு கேக்கும்.

திரும்ப அனுப்பவான்னு கேக்கும்! அம்மாகிட்ட அதை யாரும் கேக்கல.

நான் இந்தப் பதிவுல சொல்ல வர்றதே இதுதான். பக்கம் ரீலோட் ஆகாம மாத்த ஆரம்பிச்ச நாளே, பிரவுசர் செஞ்சுக்கிட்டு இருந்த இந்த வேலையை எல்லாம் நாம நம்ம கைக்கு எடுத்துக்கிட்டோம். காத்திருன்னு சொல்றது, முடிஞ்சுதுன்னு சொல்றது, முடியலன்னு சொல்றது, முன்னாடி இருந்த இடத்துக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போறது, எல்லாமே. எடுத்துக்கிட்டா செய்யணும்.

எடுத்துக்கிட்ட கதையும் சுவாரசியமானதுதான். மைக்ரோசாஃப்ட்ல எக்ஸ்சேஞ்ச் 2000-க்காக பிரவுசர்லயே மெயில் பார்க்கிற அவுட்லுக் வெப் ஆக்சஸைச் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. புது மெயில் வந்திருக்கான்னு பார்க்க ஒவ்வொரு தடவையும் பக்கத்தையே புதுப்பிச்சா யாரு பயன்படுத்துவா? அந்தக் குழுவுல இருந்த அலெக்ஸ் ஹாப்மன், பின்னணியில சர்வரோட பேசுற ஒரு சின்னக் கருவியை எழுதினாரு. 1999 மார்ச்சுல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வெளிவந்தப்போ அது கூடவே வந்துச்சு. அந்தக் கருவியோட பேரு எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட். எக்ஸ்எம்எல் நூலகத்துக்குள்ள வச்சு அனுப்ப வேண்டியிருந்ததால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, மத்தபடி எக்ஸ்எம்எல்லுக்கும் அதுக்கும் பெரிய உறவு கிடையாது. இனிமே எக்ஸ்ஹெச்ஆர்னு சொல்றேன், வாய் வலிக்குது.

அதுக்கப்புறம் பல வருஷம் இதைப் பெருசா யாரும் பேசல. 2004 ஏப்ரல் 1 ஜிமெயில். 2005 பிப்ரவரி கூகுள் மேப்ஸ். மேப்பைக் கையால பிடிச்சு இழுத்தா இழுத்த பக்கம் புதுத் துண்டு வந்து ஒட்டிக்கிச்சு, பக்கம் அசையவே இல்ல. அந்த மாசமே, 2005 பிப்ரவரி 18, ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரை எழுதி இதுக்கெல்லாம் சேர்த்து ஒரு பேரு வச்சாரு. ஏஜாக்ஸ். குளிச்சுக்கிட்டு இருந்தப்போ தோணின பேருன்னு அவரே சொல்லியிருக்காரு. அடுத்த வருஷம் ஜான் ரெசிக் ஜேக்வெரிங்கிற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொடுத்தாரு. அதுக்கப்புறம் இது எங்களை மாதிரி ஆளுங்க கைக்கும் வந்துடுச்சு.

சரி, என் கதைக்கு வர்றேன்.

மதுரையில என் நண்பன் ஒருத்தன் பழைய புத்தகக் கடை வச்சிருக்கான். ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகம். எல்லாத்தையும் ஒரு பட்டியலாக்கி, தேடற பெட்டியோட ஒரு தளம் செஞ்சு கொடுத்தேன். டைப் அடிக்க அடிக்கக் கீழ புத்தகங்கள் வந்து நிக்கும். என் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தப்போ தண்ணி மாதிரி ஓடுச்சு. அவ்வளவு பெருமை எனக்கு.

ரெண்டு நாள் கழிச்சு போன்.

"மாப்ள, மதுரைன்னு தேடினா சாராயத்துக்கு எதிரான புத்தகமா வருதுடா."

நான் நம்பல. வீட்ல அடிச்சுப் பார்த்தேன், மதுரைப் புத்தகம்தான் வருது. "நீ தப்பா அடிச்சிருப்ப"ன்னு சொல்லிட்டேன். (அதே "நீ சரியா அழுத்தல". அப்போ எனக்கு உறைக்கல.) அவன் விடல. கடைக்கே வரச் சொன்னான். போய் அவன் போன்ல அடிச்சேன். மதுரைன்னு பெட்டியில தெளிவா இருக்கு. கீழ வரிசையா மதுவிலக்குப் பிரச்சாரப் புத்தகம். அந்த வாரம்தான் அப்படி ஒரு கட்டு கடைக்கு வந்திருந்துச்சு. புதுசா வந்தது மேல வர்ற மாதிரி நான்தான் வச்சிருந்தேன்.

ஒரு மணி நேரம் முழிச்சேன். அப்புறம் லேப்டாப்பை அவன் போன் இன்டர்நெட்லயே இணைச்சு, பிரவுசர்ல நெட்வொர்க் பகுதியைத் திறந்து வச்சுக்கிட்டு, மெதுவா அடிச்சேன். ம. மத. மது. மதுர. மதுரை. அஞ்சு ரிக்வெஸ்ட் போகுது. "மது"வுக்குப் பதில் வர கிட்டத்தட்ட ரெண்டு நொடி. "மதுரை"க்கு அரை நொடி கூட ஆகல. "மது"வுல ஆரம்பிக்கிறது நிறைய, சர்வர் தேடி எடுத்து அனுப்ப நேரமாகுது. "மதுரை" கொஞ்சம்தான், சட்டுன்னு வந்துடுது.

அதாவது டீ முன்னாடி வந்துடுச்சு. பஜ்ஜி பின்னாடி வந்து டீ கிளாஸ் மேலேயே உக்காந்துக்கிச்சு.

சரியான பதில் வந்து, திரையில நின்னு, அதுக்கப்புறம் பழைய பதில் வந்து அதை அழிச்சிட்டுத் தான் உக்காந்திருக்கு. என் வீட்டு ஃபைபர்ல எல்லாமே அவ்வளவு வேகமா வந்ததால வரிசை மாறவே இல்ல.

இதைச் சரி பண்ண நான் பட்ட பாட்டையும் எழுதிடறேன், யாருக்காவது நேரம் மிச்சமாகும்.

முதல்ல, பதில் வர்ற வரைக்கும் பெட்டியில டைப் அடிக்க முடியாம பூட்டினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பெட்டி பூட்டிக்கிட்டுத் திறந்துச்சு, போன் கீபோர்டு கீழ போய்ட்டு மேல வந்துச்சு. நண்பன் திட்டினான். அவன் திட்டினது சரி.

அடுத்தது டிபவுன்ஸ். ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைக் கூப்பிடாம, கை கொஞ்சம் ஓய்ஞ்சதும் கூப்பிடறது. 500 மில்லிநொடி வச்சேன், மந்தமா இருந்துச்சு. 100 வச்சேன், ஒண்ணும் குறையல. 300-ல வந்து நின்னேன். இன்னிக்கும் 300-தான். ரிக்வெஸ்ட் எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சுது. ஆனா மதுவிலக்கு போகல! அபூர்வமா வந்துச்சு. அபூர்வமா வர்ற கோளாறு இன்னும் மோசம், காட்டுன்னு சொன்னா காட்டாது.

டிபவுன்ஸ் கூட்டத்தைக் குறைக்கும், வரிசையைக் காக்காது. இதை நான் புரிஞ்சுக்க ஒரு வாரம் ஆச்சு.

கடைசில செஞ்சது ரொம்ப எளிமை. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு நம்பர். பதில் வந்தா, "கடைசியா அனுப்பின நம்பர் நீதானா?" ஆமான்னா உள்ள வா, இல்லன்னா அப்படியே போயிடு. ஆறு வரி. அதோட அபார்ட்கண்ட்ரோலரும் சேர்த்தேன். புது எழுத்து அடிச்சதும் பழைய ரிக்வெஸ்டை பிரவுசரே கைவிட்டுடும். ஃபெட்சுக்கு (எக்ஸ்ஹெச்ஆர் செய்யற அதே வேலைக்குப் பின்னாடி வந்த புது வழி) இந்த வசதி முதல்லேர்ந்தே இல்ல. குரோம்ல ஃபெட்ச் 2015-ல வந்துச்சு, நடுவுல நிறுத்தற வசதி 2018-லதான் வந்துச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை. அபார்ட் பண்ணா பிரவுசர் காத்திருக்கிறதை நிறுத்தும், அவ்வளவுதான். சர்வர் அந்த வேலையை ஏற்கனவே ஆரம்பிச்சிருந்தா முடிச்சே விடும். டீ சொல்லிட்டு எழுந்து போனாலும் மாஸ்டர் போட்ட டீ போட்டதுதான். தேடறதுக்கு இதனால ஒரு நஷ்டமும் இல்ல. பணம் கட்டறதுக்கு இதை நம்பவே நம்பாதீங்க.

தமிழ்ல தேடற பெட்டி எழுதறவங்களுக்காக ஒரு கிளைக் கதை. இங்கிலீஷ்ல எழுதின எந்தப் பாடத்துலயும் இதை நான் பார்க்கல.

"மதுரை" கண்ணுக்கு மூணு எழுத்து. யூனிகோட் கணக்குல 5 குறி: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. யுடிஎஃப்-8-ல 15 பைட். முகவரியில போறப்போ ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் ரெண்டு எழுத்துமா மாறி மொத்தம் 45 எழுத்தாகும். இந்த மாத்தத்தை நீங்க ஒழுங்கா பண்ணலன்னா, சில பிரவுசர்லேர்ந்து சர்வருக்கு வரிசையா கேள்விக்குறிதான் வந்து சேரும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல அதை நான் பார்த்திருக்கேன்.

அப்புறம் "கோ". ஓகாரக் குறி ஒரே குறியாவும் இருக்கலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாவும் இருக்கலாம். பார்க்க ரெண்டும் ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு வேற வேற. நண்பன் கடைப் பட்டியல்ல பாதி, பழைய எழுத்துருவுலேர்ந்து மாத்தினது. அதுல எல்லாம் தனித்தனியா இருந்துச்சு. கோயில்னு தேடினா கோயில் புத்தகமே இல்லன்னு சொல்லுச்சு! ஜாவாஸ்கிரிப்ட்ல நார்மலைஸ்னு ஒண்ணு இருக்கு, 2015 வடிவத்துலேர்ந்து. தேடற சொல்லையும் பட்டியலையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்ததும் தீர்ந்துச்சு.

இன்னொண்ணு. ஒலிபெயர்ப்பு முறையில அடிக்கறப்போ ஒரு சொல் முடியறதுக்குள்ள பெட்டியில அரைகுறையா என்னென்னமோ வந்து போகும். அந்த அரைகுறை நிலைக்குக் காம்போசிஷன்னு பேரு. அதுக்கெல்லாம் தேட வேண்டாம்னு, அது நடக்கறப்போ ரிக்வெஸ்டை நிறுத்தி வச்சேன். கம்ப்யூட்டர்ல அருமை. ஆண்ட்ராய்ட் போன்ல? ஸ்பேஸ் தட்டற வரைக்கும் தேடவே இல்ல. அங்க கீபோர்டு ஒரு முழுச் சொல்லையும் காம்போசிஷன்லயே வச்சிருக்கு. எடுத்துட்டேன். 300 மில்லிநொடி டிபவுன்ஸே போதுமானதா இருந்துச்சு.

கிளைக் கதை முடிஞ்சுது.

அந்தத் தளத்துல நான் பிரவுசர்கிட்டேர்ந்து பிடுங்கி, திருப்பிக் கொடுக்காம விட்டது இன்னும் ரெண்டு.

ஒண்ணு பேக் பட்டன். ஒரு வாசகர் தேடி, மூணாம் பக்கம் வரைக்கும் போய், ஒரு புத்தகத்தைத் திறந்து, பேக் அழுத்தினா கடையை விட்டே வெளிய போயிடறாரு. நான் பக்கத்துக்குள்ள எல்லாத்தையும் மாத்தினேன், முகவரியை மாத்தவே இல்ல. பிரவுசரைப் பொறுத்த வரைக்கும் அவர் முதல் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. இதுல வியாபாரமே போச்சு. ஒருத்தர் "இந்தப் புத்தகம் இருக்கு பாரு"ன்னு லிங்கை வாட்ஸ்அப்ல அனுப்புவாரு, வாங்கினவர் திறந்தா கடையோட முகப்புதான் வரும். ஹிஸ்டரி ஏபிஐயில புஷ்ஸ்டேட்னு ஒண்ணு இருக்கு. தேடலும் பக்க எண்ணும் மாறினா முகவரியும் மாறணும், பேக் வந்தா அந்த முகவரியைப் படிச்சுத் திரும்ப வரையணும். ஒரு ராத்திரி வேலை. அதை முதல் நாளே செஞ்சிருக்கணும்.

இன்னொண்ணு என்னை ரொம்ப யோசிக்க வச்சது. பார்வை இல்லாத ஒரு வாசகர் கடைக்கு போன் பண்ணி, "தேடறேன், ஒண்ணுமே வர மாட்டேங்குதே"ன்னு கேட்டிருக்காரு. வந்துக்கிட்டுதான் இருக்கு. அவர் போன்ல திரையைப் படிச்சுச் சொல்ற டாக்பேக்குக்கு அது தெரியல. பக்கம் புதுசா திறந்தா அது படிக்கும். சத்தமில்லாம ஒரு மூலை மாறினா அதுக்கு யாரு சொல்றது? நாமதான் சொல்லணும். அரியா-லைவ்னு ஒரு குறிப்பு அதுக்குன்னே இருக்கு.

ஆர்வத்துல முடிவுப் பட்டியல் மொத்தத்துக்கும் அதைப் போட்டுட்டேன். அவர் ஒரு எழுத்து அடிச்சா நாப்பது புத்தகத்தோட பேரையும் விலையையும் போன் படிக்க ஆரம்பிச்சிருச்சு. பாவம் அவர். அதை எடுத்துட்டு, "12 புத்தகங்கள் கிடைச்சிருக்கு"ன்னு ஒரே ஒரு வரி மட்டும் சொல்ற மாதிரி வச்சேன். முதல்ல அதுவும் படிக்கல, ஏன்னா பதில் வந்தப்போதான் அந்த வரி நிக்கிற கட்டத்தையே உருவாக்கினேன். கட்டம் காலியாவாவது முதல்லேர்ந்தே பக்கத்துல இருக்கணும், அப்புறம்தான் உள்ள எழுத்து மாறணும். இதைக் கண்டுபிடிக்க அவர்தான் மூணு நாள் எனக்கு ஃபோன்ல உதவினாரு. இப்போ அவர் மாசாமாசம் கேட்டு வாங்கறாரு, வீட்ல யாரோ படிச்சுக் காட்டுவாங்களாம்.

பாதுகாப்பைப் பத்தி ஒரே ஒரு சம்பவம் சொல்லிட்டு நகர்றேன். ஏஜாக்ஸுக்குப் பேரு வச்சு எட்டு மாசம் கூட முடியல. 2005 அக்டோபர் 4, மைஸ்பேஸ் தளத்துல சமி கம்கார்னு ஒரு பையன் தன் பக்கத்துல கொஞ்சம் ஸ்கிரிப்டை ஒளிச்சு வச்சான். அந்தப் பக்கத்தைப் பார்த்தவங்க பிரவுசர்லேர்ந்தே அது எக்ஸ்ஹெச்ஆர் மூலமா அவனை நண்பனா சேர்த்துக்கிச்சு, தன்னையும் அவங்க பக்கத்துல ஒட்டிக்கிச்சு. 20 மணி நேரத்துக்குள்ள பத்து லட்சம் பேருக்கு மேல. தளத்தையே மூடி வைக்க வேண்டியதாச்சு. அதனால, சர்வர்லேர்ந்து வர்ற எழுத்தை இன்னர்ஹெச்டிஎம்எல்ல அப்படியே கொட்டாதீங்க. எழுத்துன்னா டெக்ஸ்ட்கன்டென்ட்.

இப்போ அந்த ஒரு வரிக்கு வர்றேன். வட்டத்தை மறை.

நண்பன் தளத்துல "புத்தகத்தை எடுத்து வை"ன்னு ஒரு பட்டன் வச்சேன். அழுத்தினா கடையில அந்தப் புத்தகத்தைத் தனியா எடுத்து வைப்பாங்க. ஒரு நாள் சர்வர்ல டிஸ்க் நிறைஞ்சு போச்சு. எல்லா ரிக்வெஸ்டுக்கும் 500, அதாவது சர்வர் கோளாறுன்னு பதில் வந்துக்கிட்டு இருக்கு. என் பக்கம்? "எடுத்து வச்சாச்சு"ன்னு பச்சையா காட்டிக்கிட்டே இருந்துச்சு! ராமநாதபுரத்துலேர்ந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்திருக்காரு, புத்தகம் வித்துப் போச்சு.

காரணம் ஃபெட்ச். சர்வர் 404 சொன்னாலும் 500 சொன்னாலும் ஃபெட்சுக்கு அது தோல்வி கிடையாது. பதில் வந்துச்சா, வந்துச்சு, அவ்வளவுதான் அதோட கணக்கு. நெட்வொர்க்கே அறுந்தாத்தான் அது தோல்வின்னு சொல்லும். பதில் நல்ல பதிலான்னு ஓகேங்கிற மதிப்பைப் பார்த்து நாமதான் முடிவு பண்ணணும். நான் பார்க்கல. ஃபெட்சை இப்படி வச்சது தப்புன்னுதான் இன்னிக்கும் நினைக்கிறேன். ஆனா தெரிஞ்சுக்காம எழுதினது நான். அந்தப் பெரியவர்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேட்டேன்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. சர்வரோட பேசற எந்தப் பட்டன் எழுதினாலும், வெற்றிப் பகுதியை எழுதறதுக்கு முன்னாடி மத்ததை எழுதிடுவேன். நெட் இல்லன்னா என்ன சொல்லணும். சர்வர் 500 சொன்னா என்ன சொல்லணும். ஜேசான் எதிர்பார்த்த இடத்துல "<" குறியோட ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் வந்தா என்ன சொல்லணும் (ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடத்துல இலவச வைஃபையோட லாகின் பக்கம் இப்படித்தான் நடுவுல வந்து நிக்கும்). பத்து நொடி ஆகியும் பதிலே வரலன்னா என்ன சொல்லணும்.

அந்தக் கடைசிதான் கஷ்டமானது. அம்மாவுக்கு நடந்தது அதுதான்னு நினைக்கிறேன். ரிக்வெஸ்ட் போயிருக்கு, சர்வர் பணத்தை எடுத்திருக்கு, பதில் திரும்பி வர்ற வழியில அறுந்திருக்கு. இந்த இடத்துல "தோல்வி, திரும்ப முயற்சி பண்ணுங்க"ன்னு போட்டாலும் தப்புதான். அதுவும் 700 ரூபாய்லதான் போய் நிக்கும். உண்மை என்னன்னா, பக்கத்துக்குத் தெரியாது. அப்போ அதைத்தான் சொல்லணும்: "பணம் போச்சான்னு இன்னும் தெரியல, திரும்ப அழுத்தாதீங்க, பார்த்துச் சொல்றோம்." சொல்லிட்டு, பின்னணியில சர்வர்கிட்ட "அந்தப் பணம் என்ன ஆச்சு"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். ஏஜாக்ஸ் இருக்கிறதே இதுக்குத்தானே?

அதோட, பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடியே அந்தப் பரிமாற்றத்துக்கு ஒரு தனி எண்ணைக் கொடுத்துடணும். எத்தனை தடவை அழுத்தினாலும் அதே எண்தான் போகும். சர்வர் அந்த எண்ணை ஏற்கனவே பார்த்திருந்தா, பணத்தைத் தொடாம பழைய பதிலையே திருப்பி அனுப்பணும். பணம் கையாளற இடங்கள்ல இது பழைய, சாதாரணமான நடைமுறை. ரெண்டு நாள் வேலை. இதைச் செய்யாம பச்சை டிக்குக்கு அனிமேஷன் போட்டிருக்காங்க.

இன்னும் ஒரு கருத்து. சண்டைக்கு வர்றவங்க வரலாம். எல்லாத்துக்கும் ஏஜாக்ஸ் வேண்டாம். தேடற பெட்டிக்கு வேணும், மேப்புக்கு வேணும், சாட்டுக்கு வேணும். பணம் கட்டற ஒரு ஃபார்ம் பழைய மாதிரி முழுப் பக்கமா போய்ட்டு முழுப் பக்கமா திரும்பி வந்தா என்ன குறைஞ்சு போச்சு? அம்மா அரை நொடி வெள்ளைத் திரையைப் பார்ப்பாங்க. அப்புறம் ஆச்சு இல்ல ஆகலன்னு ஒரு பக்கம் நிக்கும். நான் இப்போ எந்த ஃபார்மையும் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமயே வேலை செய்யற மாதிரிதான் முதல்ல எழுதறேன். அதுக்கு மேலதான் ஏஜாக்ஸ். ஸ்கிரிப்ட் பாதியில செத்தாலும் ஃபார்ம் பிழைச்சுக்கும்.

அம்மா பணம் ஒன்பதாவது நாள் திரும்பி வந்துச்சு. நாலு மெயில், ரெண்டு போன்.

நீங்க தளம் எழுதறவரா இருந்தா ஒரு உதவி கேக்கறேன். இந்தப் பதிவை மூடினதும் உங்க பக்கத்தைத் திறங்க. எஃப் 12 அழுத்துங்க. நெட்வொர்க் பகுதிக்குப் போங்க. அங்க ஆஃப்லைன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்க. உங்க தளத்துலயே ரொம்ப முக்கியமான பட்டன் எதுவோ, அதை அழுத்துங்க. திரையில என்ன வருதுன்னு பாருங்க. ஒண்ணுமே வரலன்னா, இன்னிக்கு ராத்திரியே அதுக்கு ஒரு வாக்கியம் எழுதிடுங்க. எங்க அம்மாவுக்குப் புரியற மாதிரி, தமிழ்ல.